முட்டை மஞ்சள் கருவும் சிங்கப்பூர் ஊசியும்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். என் மகளைச் சொந்தத் தம்பி மகனுக்கே கட்டிக்கொடுத்தேன். பேத்திக்கு மூன்று வயது. இன்னும் நடக்கவில்லை, பேச்சும் வரவில்லை, எடை ஒன்பது கிலோதான். பிறந்து தண்டை போடும்போதே பார்த்தேன், இரண்டு காலிலும் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருந்தன. லேப்பில் கொலஸ்டிரால் 62 என்று வந்தபோது "நல்லதுதானே" என்றார்கள். பிறகு மதுரையில் ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற வியாதியாம், உடம்பு கொலஸ்டிராலைச் சரியாக உற்பத்தி செய்யாதாம். தினமும் முட்டை மஞ்சள் கரு கொடுக்கச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் கொலஸ்டிரால் ஏறி மாரடைப்பில் போனவர், அதனால் எனக்குக் கை நடுங்குகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையின் தம்பி, கொலஸ்டிராலுக்கு ஒரே ஊசியில் ஜீன் சிகிச்சை வந்துவிட்டது என்று போனில் செய்தி அனுப்பியிருக்கிறான். என் சீர் வெள்ளியையும் தங்கக் கழுத்திருவையும் விற்றாவது அந்த ஊசியைப் போட்டுவிட நினைக்கிறேன். எந்த ஊருக்குப் போகவேண்டும்? மகள் இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள், ஐம்பது நாள் ஆகிறது.

பதில்:

ஆச்சி, வணக்கம். நானும் தேவகோட்டைப் பக்கத்துப் பெண்தான். அதனால் இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று ஓரளவு தெரிகிறது.

நீங்கள் கடைசி வரியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் கணக்கு இருக்கிறது. ஐம்பது நாள் என்றால் ஏழு வாரம். இந்த நோய், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் வரும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று நன்றாக இருக்கும்" என்ற கணக்கு இதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கல் புதிதாகத்தான் நடக்கும். பேத்தியின் ஜீன் ரிப்போர்ட் கையில் இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. எந்த ஜீனும் நமக்கு இரண்டு பிரதி உண்டு; அந்த ரிப்போர்ட்டில் கண்ட அதே மாற்றம் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பிரதியில் இருக்கிறதா என்று இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது உறுதியானால், பதினொன்றிலிருந்து பதின்மூன்று வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்து, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த நாள் தவறினால் பதினாறு வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம், ஆனால் முடிவெடுக்க நேரம் குறையும். கைதேர்ந்தவர் செய்தால் இதில் கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மிதமான பாதிப்பு ஸ்கேனில் தெரியாமலே போகும்.

பரிசோதனைக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பயப்படவேண்டாம், அது சட்டப்படி நடப்பது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதை உங்கள் மகளும் மாப்பிள்ளையும் தீர்மானிக்கட்டும். நாம் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

சரி, இப்போது பேத்திக்கு வருவோம்.

ஆத்தங்குடிக்குப் போய் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டு போட்டு, கடைசியாகத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். அந்தக் கடைசி வேலைக்காரர் மட்டும் வரவில்லை என்று வையுங்கள். வாசலுக்குப் போகவேண்டிய கல் போகாது, பாதி வெந்த கல் கொல்லை முழுக்கக் குவிந்து நடக்க வழியில்லாமல் போகும். உங்கள் பேத்தியின் உடம்பில் நடப்பது அதுதான். கொலஸ்டிரால் தயாரிப்பில் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கு டி.எச்.சி.ஆர்.7 என்று பெயர், அதன் ஜீன் பதினொன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது வேலை செய்யாததால் கொலஸ்டிரால் குறைகிறது, அதற்கு முந்தின படியில் உருவாகும் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் சேர்ந்துகொண்டே போகிறது. குறைவு ஒரு பக்கம் கெடுக்கிறது, சேர்வது இன்னொரு பக்கம் கெடுக்கிறது. ஸ்மித், லெம்லி, ஓபிட்ஸ் என்ற மூன்று டாக்டர்கள் இந்த நோயை 1964-ல் விவரித்தார்கள். காரணம் கொலஸ்டிரால்தான் என்பது தெரிய 1993 வரை ஆனது, ஜீன் கிடைத்தது 1998-ல்.

அந்த 62-ஐ "நல்லது" என்று சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பல வருடங்களுக்கு முன் நான் பயிற்சியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பாக்கியவான், கொழுப்பே இல்லை" என்று கிண்டலாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால், நீங்கள் தண்டை போடும்போது கண்ட அந்த ஒட்டுவிரல் எங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். மெட்டி போடும் விரலும் அதற்கடுத்த விரலும் ஆங்கில ஒய் எழுத்துப் போல அடியில் ஒட்டியிருப்பது இந்த நோயின் மிகப் பெரிய அடையாளம், அநேகமாக எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண லேப் சோதனை அந்தப் பாதி வெந்த சரக்கையும் கொலஸ்டிரால் என்றே எண்ணிவிடும். உங்கள் பேத்தியின் உண்மையான கொலஸ்டிரால் அந்த 62-ஐ விடவும் குறைவாகத்தான் இருந்திருக்கும். சில குழந்தைகளுக்கு மொத்த எண்ணிக்கை சரியாகவே வந்து டாக்டரை ஏமாற்றுவதும் உண்டு. 7-டிஹைட்ரோகொலஸ்டிராலைத் தனியாக அளக்கும் சோதனையை இதுவரை செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்யுங்கள். பின்னால் மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிடவும் அந்த எண் தேவைப்படும்.

"நான்தான் கட்டி வைத்தேன்" என்று நீங்கள் எழுதாவிட்டாலும், 'சொந்தத் தம்பி மகனுக்கே' என்பதில் இருக்கும் 'ஏ' எனக்குக் கேட்கிறது. பொய் சொல்லி ஆறுதல் சொல்ல மாட்டேன், நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இந்த மாதிரி நோய்கள் வரும் வாய்ப்புக் கூடத்தான் செய்கிறது. அநேகமாக உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்த ஒரு பழுதான பிரதி உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் வந்து, உங்கள் வழியாக மகளுக்கும், தம்பி வழியாக மாப்பிள்ளைக்கும் போயிருக்கும். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு குறையும் இருக்காது, அவருக்கே தெரியாது. நகரத்தாராகிய நாம் கல்யாணம் பேசும்போது எந்தக் கோயில் பிரிவு என்று பார்க்கிறோம், ஒரே கோயில் பங்காளிக்குக் கட்டுவதில்லை. ஆனால் கோயில் அப்பா வழியில் மட்டும் வருவது, ஜீன் இரண்டு வழியிலும் வருவது. மாமன் மகன் வேறு கோயில் என்றாலும் ஜீனுக்கு அவன் பங்காளிதான். இதைத் தெரிந்து யாரும் செய்யவில்லை. இனிமேல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத பிள்ளைகள் இருந்தால், சொந்தத்தில் பேச்சு எடுப்பதற்கு முன் இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் ரத்தம் பார்த்துவிடலாம். அது பெரிய செலவு பிடிக்கும் சோதனை அல்ல.

மஞ்சள் கருவைப் பற்றிப் பயமே வேண்டாம். உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் மிஞ்சியது, பேத்திக்கு அது கிடைக்கவே இல்லை. இரண்டும் இரண்டு வேறு வீட்டுக் கணக்கு. நம் பழைய வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசினார்கள் என்று ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறோம். மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் அது பேத்திக்குப் போகட்டும். ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது. நன்றாக வேகவைத்தது, பச்சையாக வேண்டாம். குழைந்த சாதத்தில் நெய் விட்டு, கருவை உதிர்த்து, தண்ணீராக இல்லாமல் வழுவழுவென்று மசித்துக் கொடுங்கள், இந்தக் குழந்தைகளுக்கு விழுங்குவதே சிரமம். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ புரையேறினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வயிற்றில் குழாய் வைப்பார்கள். அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள், எடை ஏற அது நல்ல வழி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய்ப்பால் எதிலும் கொலஸ்டிரால் துளியும் கிடையாது, செடியில் விளைவது எதிலும் இல்லை. முட்டை மட்டும் போதாவிட்டால் சுத்தமான கொலஸ்டிரால் பொடியை எண்ணெயில் கலந்து எடைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுப்பார்கள்.

இதனால் எடை கூடலாம், வெயில் பட்டால் சிவப்பது குறையலாம், அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவது மட்டுப்படலாம். பேச்சும் நடையும் இதனால் வந்துவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதற்குக் காரணம் மூளை. சாப்பாட்டில் வரும் கொலஸ்டிரால் ரத்தம் வரைக்கும்தான் போகும், மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளவேண்டும், இவளுக்கு அங்கேயும் அந்தக் கடைசிப் படிதான் பழுது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். குழந்தையை எண்ணெய் தேய்த்து வளவில் காலை வெயிலில் போடுவது நம் பழக்கம், உங்கள் பேத்திக்கு அது ஆகாது. நீளக் கை சட்டை, தொப்பி, புற ஊதா 'ஏ' கதிரைத் தடுக்கும் கிரீம். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், பஸ்ஸிலும் காரிலும்கூட. இதில் ஒரு வேடிக்கை. அவள் தோலில் குவிந்து கிடக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால்தான், நம் எல்லோர் தோலிலும் வெயில் பட்டு வைட்டமின் டி ஆக மாறும் பொருள்.

அப்புறம், எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் காட்டுங்கள். தூக்கமில்லை, அடம் பிடிக்கிறாள் என்று கொடுக்கும் சில மனநல மருந்துகள், ஹாலோபெரிடால், அரிபிப்ரசோல், டிராசோடோன் போன்றவை, அந்தக் கடைசிப் படியை இன்னும் அடைத்துவிடும். கடும் காய்ச்சல், ஆபரேஷன் என்றால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், ஸ்டீராய்டு செய்யக்கூடக் கொலஸ்டிரால்தான் மூலப்பொருள்.

இனி சிங்கப்பூர்ச் செய்தி. அதை நீங்கள் இணைத்து அனுப்பவில்லை, ஆனால் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கொலஸ்டிராலை ஒரே ஊசியில் குறைக்கும் ஜீன் திருத்தச் சிகிச்சை ஒன்று சோதனையில் இருக்கிறது. கல்லீரலில் பி.சி.எஸ்.கே.9 என்ற ஜீனை அணைத்துவிடும் முறை அது. 2022-ல் நியூசிலாந்தில் முதல் ஆளுக்குப் போட்டார்கள். அது யாருக்கு? பரம்பரையாகக் கெட்ட கொலஸ்டிரால் எகிறி, முப்பது நாற்பது வயதிலேயே மாரடைப்பு வரும் குடும்பங்களுக்கு. உங்கள் வீட்டுக்காரர் சின்ன வயதில் போயிருந்தால், உங்கள் பிள்ளைகள் அந்தச் செய்தியைப் படிக்கலாம். பேத்திக்கு வேண்டியதற்கு அது நேர் எதிர். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று போட்டால், வறண்ட ஊருணியில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் மடை திறந்து வெளியே விடும் வேலை ஆகிவிடும். மாப்பிள்ளையின் தம்பி அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறான், திட்டாதீர்கள்.

அப்படியானால் இவள் நோய்க்கு ஜீன் சிகிச்சையே இல்லையா? எந்த நாட்டிலும் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை இல்லை. எலிகளில் செய்திருக்கிறார்கள். ஏ.ஏ.வி. என்ற தீங்கில்லாத வைரஸின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, நல்ல டி.எச்.சி.ஆர்.7 ஜீனை வைத்து அனுப்புவது முறை. கல்லீரலுக்கு அனுப்பியபோது ரத்தத்தில் அளவுகள் ஓரளவு சீரானது. பிறந்தவுடனேயே தண்டுவட நீர் வழியாக மூளைக்கு அனுப்பியபோது, அங்கேயும் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. சிறு மாற்றம்தான்.

நம்பிக்கைக்குக் காரணங்கள் இருக்கின்றன. ஜீன் என்பது டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன நீளமான வரி; அந்த வைரஸ் பெட்டியில் ஏறக்குறைய 4,700 எழுத்து நீளத்துக்குத்தான் இடம், சில நோய்களின் ஜீன் அதில் நுழையவே நுழையாது. இந்த ஜீனுக்கு 1,400 எழுத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும், தாராளமாக அடங்கும். பாதி நொதி மட்டும் உள்ள உங்கள் மகளும் மாப்பிள்ளையும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், ஆகவே முழுக்கச் சரிசெய்யவேண்டிய அவசியமும் இல்லை. 2025-ல் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் எழுத்துப் பிழைக்கென்றே தனியாக மருந்து செய்து கல்லீரலில் திருத்தினார்கள். ஏ.ஏ.டி.சி. குறைபாடு என்ற வேறொரு நோய்க்கு மூளைக்குள்ளேயே ஜீனைச் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. தூரத்துக்குப் போவானேன், நம் வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து, ரத்தக்கசிவு நின்றதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆகவே இது கட்டுக்கதை இல்லை.

கஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று மூளை. கல்லீரலுக்கு ஜீனை அனுப்புவது ஏறக்குறைய கைவந்த வேலை, ரத்தத்தில் போட்டால் அதுவே போய்ச் சேரும். ஆனால் முன்பே சொன்னேனே, மூளைக்குத் தனி அடுப்பு. கல்லீரலைச் சரிசெய்தால் அந்த அடுப்பில் உலை கொதிக்காது. மூளை முழுவதும் கோடிக்கணக்கான செல்களுக்குப் போதுமான அளவு கொண்டுசேர்ப்பது இன்னும் கைவரவில்லை. இரண்டாவது, காலம். விரல் பிரிவதும் அண்ணம் கூடுவதும் மூளை வடிவெடுப்பதும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நடப்பவை. அப்போது வேலை வாங்கும் ஒரு புரதத்தோடு கொலஸ்டிரால் ஒட்டினால்தான் அது சரியாக வேலை செய்யும். (அந்தப் புரதத்துக்கு வீடியோ கேம் கதாபாத்திரத்தின் பெயரை, சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று, வைத்திருக்கிறார்கள். பெற்றவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான்.) பிறந்தபின் கொடுக்கும் ஜீன், கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்தைத் திரும்பப் போடாது. அதற்குமேல் கெடாமல் காக்கலாம், தூக்கம், எரிச்சல், கற்கும் திறன் ஓரளவு தேறலாம். ஆராய்ச்சிக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

கழுத்திருவைத் தொடாதீர்கள் ஆச்சி. நீங்கள் தேடுகிறீர்கள் என்று தெரிந்தாலே விற்பவர்கள் வந்துவிடுவார்கள். ஸ்டெம் செல் என்பார்கள், ஜீன் ஊசி என்பார்கள், அட்வான்ஸ் பத்து லட்சம் என்பார்கள். முறையான மருத்துவச் சோதனையில் மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்பதில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஏ.ஏ.வி. ஒரு முறை உடம்பில் ஏறினால் எதிர்ப்புச் சக்தி அதை நினைவில் வைத்துக்கொள்ளும், இரண்டாம் முறை உள்ளே விடாது. அரைகுறை ஊசியை இன்று போட்டுவிட்டால், பத்து வருடத்தில் நல்லது வரும்போது உங்கள் பேத்திக்குக் கதவு சாத்தியிருக்கும்.

வெள்ளியில் ஒன்றிரண்டை விற்கத்தான் வேண்டுமென்றால், ஒட்டிய விரலைப் பிரிக்கக்கூட விற்காதீர்கள், நடப்பதற்கு அது தடையில்லை. வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும், விழுங்கவும் பேசவும் பழக்குபவருக்கும், காது கண் சோதனைக்கும் செலவழியுங்கள். மகளை ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கவிட ஒரு ஆள் வைத்தால் அதுவும் சிகிச்சைதான், இந்தக் குழந்தைகள் இரவில் தூங்குவதும் குறைவு, தூங்கவிடுவதும் குறைவு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, அரிய நோய்களுக்காக மத்திய அரசு அறிவித்த மையங்களில் ஒன்று. ஒரு முறை போய்ப் பேத்தியின் பெயரைப் பதிந்து வையுங்கள். நாளைக்குச் சோதனை ஏதாவது தொடங்கினால், இப்படிப் பதிவாகி, ஜீன் ரிப்போர்ட்டும் அளவுகளும் ஒழுங்காக வைத்திருக்கும் குழந்தைகளைத்தான் முதலில் தேடுவார்கள்.

மதுரைக்கு இந்த வாரமே மகள், மாப்பிள்ளை, பேத்தியோடு கிளம்புங்கள். பேத்தியின் ஜீன் ரிப்போர்ட்டின் அசல் வேண்டும், சுருக்கம் போதாது, எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கிறது என்ற வரி அதில்தான் இருக்கும். மகளுக்குக் கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் பேத்திக்கு வெயில் விழாத பக்கமாகப் பார்த்து இடம் பிடியுங்கள்.